முதலில் தண்ணீரைப் பாருங்கள்

நாம் 'நிலக்காட்சி' என்பதைச் சீனர்கள் 'ஷான்ஷுய்' என்கிறார்கள். மலையும் நீரும் என்று பொருள். பெயரிலேயே பாதி தண்ணீர். ஆனால் சீன அரண்மனைத் தோட்ட ஓவியங்களைப் பற்றி எழுதும் பலர் கூரையையும் மண்டபத்தையும் விரிவாகச் சொல்லிவிட்டு, ஏரியை வெற்றிடமென்று தாண்டிப் போய்விடுகிறார்கள். அரசர் சொல்ல நினைத்ததில் பெரும்பகுதி அந்த ஏரியில்தான் இருக்கிறது என்பேன்.

பெய்ஜிங்கின் யுவான்மிங்யுவான் தோட்டத்தைப் பேரரசர் சியென்லோங்குக்காகத் தாங் தாய், ஷென் யுவான் இருவரும் பட்டில் 40 காட்சிகளாக வரைந்தார்கள். 1744இல் முடிந்த வேலை. 1860இல் கொள்ளைபோய், இப்போது பாரிஸில் பிரெஞ்சு தேசிய நூலகத்தில் இருக்கிறது.

அதில் 'ஜியூஜோ சிங்யன்' என்ற காட்சி, அரசர் குடியிருந்த தீவு. அங்கே ஏரியைச் சுற்றி ஒன்பது தீவுகள். பெருவெள்ளத்தை வடியவைத்த யூ, நாட்டை ஒன்பது மாநிலங்களாகப் பிரித்தார் என்பது சீனத் தொன்மம். ஆக, ஒன்பது தீவு என்றால் முழு நாடு. 'கடல் அடங்கியது, ஆறு தெளிந்தது' என்பது அவர்கள் நல்லாட்சியைச் சொல்லும் பழந்தொடர். அந்த ஏரி சலனமில்லாமல் கிடப்பதன் பொருள் அதுதான்: என் ஆட்சியில் வெள்ளமில்லை, கலகமில்லை. அலை வரையத் தெரியாமல் விட்டதல்ல. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே, தென் சொங் அரசமரபுக் காலத்து (12-13ஆம் நூற்றாண்டு) ஓவியர் மா யுவான் தண்ணீரை மட்டுமே வைத்து 12 ஓவியங்கள் வரைந்திருக்கிறார். மஞ்சள் ஆறு அதில் கொந்தளிக்கிறது.

அதே தோட்டத்தின் 'ஃபூஹாய்' ஏரியின் நடுவில் மூன்று சிறு தீவுகள். கீழைக்கடலில் சாவற்றவர்கள் வாழும் பெங்லாய், ஃபாங்ஜாங், யிங்ஜோ மலைகளின் உருவம் அவை. சாவா மருந்து தேடிச் சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் கப்பல் அனுப்பியது அந்த மலைகளுக்குத்தான். தீவுகளுக்கிடையே பாலம் உண்டு; கரையிலிருந்து கிடையாது, படகில்தான் போகவேண்டும். நகலெடுப்பவர் அழகுக்காகக் கரையிலிருந்து ஒரு பாலம் போட்டால் கதையே செத்துப்போகும். எட்டாத தூரம்தான் அங்கே பொருள். சுற்றியுள்ள நீரை வெட்டிவிட்டுத் தீவை மட்டும் அச்சிடுவதும் அதே பிழை.

வரைபவர்களுக்கு ஒன்று. பட்டுக்குப் பசையும் படிகாரமும் கலந்து பூசுவார்கள். படிகாரம் குறைந்தால் கரைக்கோட்டைத் தாண்டி மை நீருக்குள் ஊறும். மிஞ்சினால் மை திட்டுத்திட்டாக நிற்கும், பட்டும் நாளடைவில் நொறுங்கும். நீருக்கு நீலம் அடிக்காதீர்கள். இந்த மரபில் அசுரைட் என்ற நீலக்கல்லும் மலக்கைட் என்ற பச்சைக்கல்லும் அரைத்த வண்ணம் முக்கியமாக மலைக்கும் பாறைக்கும் உரியது. கரையோரத்தை மையால் அழுத்திவிட்டுப் பட்டை அப்படியே விட்டாலே தண்ணீர் தெரியும். நீரிலும் நீலம் ஏறினால் மலை எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குப் பிடிபடாது.

பழைய பட்டு நாளாக ஆகப் பழுப்பேறும். அதனால்தான் படங்களில் ஏரி சேறுபோல் தெரிகிறது. கணினியில் அதை நீலமாக்கி வெளியிடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தப் பழுப்பு காலத்தின் கறை. நீங்கள் ஏற்றும் நீலம் ஓவியரிடம் ஒருபோதும் இல்லாதது.