வாக்கேயகாரரின் வேலை பாட்டோடு முடிவதில்லை
பாட்டின் சொல்லையும் இசையையும் தாமே அமைக்கும் இன்றைய வாக்கேயகாரருக்குப் பாட்டு எழுதி முடிந்ததும் வேலையும் முடிந்துவிடுகிறது என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருந்த கருத்தை, மண்டபம் என்ற கடலோர ஊரில் இருபது ஆண்டுகளாக வீணை கற்பித்துக்கொண்டு, கிடைத்த நேரத்தில் கச்சேரியிலும் நடனத்திலும் இடம்பெறும் வர்ணங்களும் கீர்த்தனைகளும் இயற்றிவரும் என்னால் ஏற்க இயலவில்லை. பல்லவி ஓர் இரவில் அமைந்துவிடலாம். ஆனால் சரணத்தின் சொற்கள் முறியாமல் தாளத்தில் அமைய வேண்டும், முன்கூட்டியே அமைத்த ஸ்வரப் பகுதியான சிட்டைஸ்வரம் சேர வேண்டும், பிறகு ஸ்வரங்களின் அசைவுகளான கமகங்களை முழுமையாகக் காட்டாத ஸ்வரக்குறிப்பை மட்டும் நம்பாமல், பாடகருக்கு நேரிலோ அலைபேசியிலோ வரிவரியாகச் சொல்லித்தர வேண்டும். (உப்புக் காற்றில் துருவேறும் தந்திகளை மாற்றும் செலவு தனிக்கணக்கு.) அந்நாளைய வாக்கேயகாரர் இராமநாதபுரம் பூச்சி சீனிவாச ஐயங்காருக்கு, அவ்வூர் மன்னர்களான சேதுபதிகளின் சமஸ்தான ஆதரவு இருந்தது; எனக்கு நடனம் கற்பிப்பவர்களே புரவலர்கள், அவர்களும் வர்ணம் கேட்கும்போது அரங்கேற்றத் தேதியைச் சொல்வார்கள், சன்மானத்தைச் சொல்வதில்லை. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், திரையிசை அமைப்பாளர் தம் உரிமத்தொகை (ராயல்டி) பங்கை விட்டுக்கொடுக்க முடியாதபடி செய்தது. நானோ, என் கீர்த்தனை ஒரு கச்சேரியில் பாடப்பட்டதையே பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வரும் ஒலிப்பதிவின் மூலம்தான் அறிகிறேன். அதிலும் ராகத்தின் பெயரைச் சொல்லும் பாடகர், இயற்றியவர் பெயரை விட்டுவிடுவது உண்டு.