பாக் நீரிணையிலிருந்து நாலாம் வகுப்புக்கு ஒரு வீடியோ கால்

என் மகள் சேலத்தில் நாலாம் வகுப்புப் படிக்கிறாள். போன வாரம் அவள் வகுப்புக்கு வீடியோ காலில் கடற்பசுவைப் பற்றிப் பாடம். பேசியவர் பாக் நீரிணையில் ஆய்வு செய்பவர். பெற்றோரும் வரலாம் என்றார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன்.

முதல் பதினைந்து நிமிடம் ஸ்லைடு. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள், நாட்டிலேயே இதுதான் முதலாவது என்றார். தெரிய வேண்டிய செய்திதான். ஆனால் பிள்ளைகள் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்புறம் அவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்தார். அலை ஒதுக்கிய கடற்புல்லை அள்ளிக் காட்டி, "இது பாசி இல்லை. வேர் உண்டு, தண்ணீருக்குள்ளேயே பூக்கும்" என்றார். ஒரு கடற்பசு தினமும் 30, 40 கிலோ இதை மேயும் என்றதும் பாதி வகுப்பு எழுந்து நின்றுவிட்டது. பக்கத்தில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரையும் பேச வைத்தார். அவர் சொன்ன பெயர் 'ஆவுளியா'. அதற்குப் பிறகு ஒரு பிள்ளைகூடக் கடற்பசு என்று சொல்லவில்லை.

"கடல்லயே இருக்கிறது, வலையில மாட்டினா ஏன் தாத்தா சாகுது?" என்று ஒரு பையன் கேட்டான்.

"அது மீன் இல்லப்பா. நம்மள மாதிரி மூச்சு விடணும். சில நிமிஷத்துக்கு ஒருக்கா மேல வரும். வலை பிடிச்சா வர முடியாது."

உடனே என் மகள், "அப்ப வலையை அறுத்துட்டா உங்களுக்கு நஷ்டம் இல்லையா?" என்றாள். உயிரோடு விட்டால் வனத்துறை வெகுமதி தருவதை ஆய்வாளர் சொன்னார். பெரியவர் தன் வலையின் விலையைச் சொன்னார். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி, அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு வருடம் ஆகும் என்று ஆய்வாளர் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது.

'இயற்கையைத் திரையில் காட்டுவதா?' என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாற்பது பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி அந்தக் கரைக்கே கூட்டிப்போனாலும் ஆவுளியா கண்ணில் படுவது அரிது. என் குறை வேறு. நிபுணரை ஏன் அறைக்குள் உட்கார வைக்கிறோம்? ஸ்லைடில் இருப்பதை டீச்சரே முந்தைய நாள் சொல்லிவிடலாம். வீடியோ காலில் கரை வேண்டும், சேறு வேண்டும், அங்கேயே பிழைக்கும் மனிதர் வேண்டும். பிள்ளைகளின் கேள்வி முதலில் வர வேண்டும்.

இன்னொன்றையும் டீச்சரிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த முறை கடலோரப் பள்ளி ஒன்றைப் பிடித்துத் தாருங்கள். நம் பிள்ளைகள் சேலத்து மூக்கனேரிக் கரையில் நின்று, ஏரி நடுவில் இருக்கும் மண்திட்டுகளையும் அதில் வந்து அடையும் பறவைகளையும் அவர்களுக்குக் காட்டட்டும். சரி, பார்க்கலாம் என்றிருக்கிறார். என் மகள் பறவைப் பெயர்களை இப்போதே நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டாள்.