கேரனையும் சேர்த்திருக்கலாம்

அயர்லாந்தின் சுண்ணாம்புப் பாறை நிலமான பர்ரென் பகுதி பற்றிய உங்கள் கட்டுரை அருமை. ஆனால் பூல்னபுரோன் என்ற பழங்காலக் கல்திட்டையோடு நிறுத்திவிட்டீர்களே! அங்கிருந்து சில கிலோமீட்டரில்தான் கேரன் என்ற குக்கிராமம் இருக்கிறது. அதன் அருகே உள்ள ஏரியைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். மழைக்காலத்தில் சுண்ணாம்புப் பாறையின் துளைகள் வழியாக நிலத்தடி நீர் மேலே பொங்கி ஏரியாகிவிடும். கோடையில் அதே துளைகள் வழியாக வடிந்துவிடும். அப்புறம் அங்கே மாடுகள் மேயும். இப்படி வந்து போகும் ஏரியை 'டர்லாக்' என்பார்கள். இப்படிப்பட்ட இடங்களில் கற்களின் மேல் கறுத்த பாசி படிந்திருக்கும், தண்ணீர் எதுவரை ஏறும் என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம்.

அயர்லாந்தின் பாரம்பரிய விளையாட்டுகளுக்காக 1884இல் கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கிய மைக்கேல் குசாக் பிறந்ததும் இந்தக் கேரனில்தான், 1847இல், கொடும் பஞ்சத்தின் நடுவே.

இன்னொன்று. மற்ற ஊர்களில் கோடையில்தான் மாடுகளை மேட்டுக்கு ஓட்டுவார்கள். பர்ரெனில் குளிர்காலத்தில் ஓட்டுகிறார்கள். கோடையில் வாங்கிய சூட்டைப் பாறை விடாமல் வைத்திருக்கும், காலுக்கடியில் சேறும் இருக்காது. மாடுகள் காய்ந்த புல்லைத் தின்று தீர்ப்பதால்தான் மே மாதம் பாறை இடுக்குகளில் அந்த அடர்நீல ஜென்ஷியன் பூக்கள் வெளியே தெரிகின்றன. பூக்களின் படத்தைப் போட்ட நீங்கள் மாடுகளையும் சொல்லுங்கள், தயவுசெய்து.