கால் நாள் லீவு

செல்வி: அண்ணாச்சி, காலுக்கு லீவு வேண்டும்.

அண்ணாச்சி: கால் நாள் லீவெல்லாம் கடையில் கிடையாது. அரை நாள் எடு, சம்பளம் பிடிப்போம்.

செல்வி: கால் நாள் இல்லை, காலுக்கு. ரெண்டு காலுக்கும்.

அண்ணாச்சி: ரெண்டு கால் சேர்ந்தால் அரைதானே? அதைத்தான் நானும் சொல்கிறேன்.

செல்வி: குதிகால் வலி அண்ணாச்சி. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் ஆணியை மிதித்த மாதிரி இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் விடுகிறது. இங்கே வந்து நின்றால் மறுபடி பிடித்துக்கொள்கிறது.

அண்ணாச்சி: பித்தவெடிப்பு. விளக்கெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவு.

செல்வி: வெடிப்பு வெளியே, இது உள்ளே. உள்ளங்காலில் ஒரு தசைநார் இழுபட்டு இழுபட்டு நொந்திருக்கிறதாம். டாக்டரம்மா பார்த்ததுமே கேட்டார், ‘ஜவுளிக் கடையா?’

அண்ணாச்சி: அட, காலைப் பார்த்தே சொல்லிவிட்டாரா?

செல்வி: எனக்கு முந்தின நாலு டோக்கனும் நம்ம கடை. அங்கே பெஞ்சு போட்டிருந்தார்கள். இந்த வாரம் நான் உட்கார்ந்தது அங்கேதான்.

அண்ணாச்சி: மருந்து?

செல்வி: தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துப் பாதத்துக்கு அடியில் உருட்டச் சொன்னார். அப்புறம், வெறுங்காலோடு நிற்கக் கூடாது, மெத்தென்ற செருப்பு போட வேண்டும் என்றார்.

அண்ணாச்சி: பட்டு செக்‌ஷனில் செருப்பா? மகாலட்சுமி இருக்கிற இடம்!

செல்வி: அவள் தாமரையில் உட்கார்ந்திருக்கிறாள், அண்ணாச்சி.

அண்ணாச்சி: திருப்பதியில் பெருமாள் நின்றுகொண்டுதானே இருக்கிறார்?

செல்வி: ஸ்ரீரங்கத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறாரே. எனக்கு இந்த ஒரு கடைதான்.

அண்ணாச்சி: உனக்கு வாய் ஜாஸ்தி.

செல்வி: அது ஒன்றுதான் வலிக்கவில்லை. இந்த மெட்டியைப் பாருங்கள். காலையில் தானாகக் கழன்று விழும். ராத்திரி சோப்பு போட்டு இழுத்தாலும் வராது, விரல் அப்படி வீங்கிவிடுகிறது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று 2021-லேயே நம் சட்டசபையில் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது.

அண்ணாச்சி: அதற்குத்தானே மாடிக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறோம்?

செல்வி: பாலிதீன் கவரோடு அப்படியே இருக்கிறது.

அண்ணாச்சி: பிரித்தால் அழுக்காகிவிடும். லேபர் ஆபீசர் வந்தால் காட்ட வேண்டாமா?

செல்வி: புடவை எடுக்க வருகிறவரின் வீட்டுக்காரருக்கு சோபா, காபி. அதோ, அந்த சார் குறட்டையே விட ஆரம்பித்துவிட்டார். அவர் வந்து பத்து நிமிஷம். நான் வந்து பத்து மணி நேரம்.

அண்ணாச்சி: சரி, சரி. அரை நாள் எடுத்துக்கொள். லெட்டர் எழுதிக் கொடு.

செல்வி: எழுதியே வைத்திருக்கிறேன்.

அண்ணாச்சி: (படிக்கிறார்) ‘மதிப்பிற்குரிய அண்ணாச்சிக்கு, வணக்கம். நிற்க...’ பார், நீயே நிற்கத்தான் கேட்டிருக்கிறாய்!

செல்வி: கை பழகிவிட்டது, அண்ணாச்சி.