வண்டியில் மூன்று எச்சரிக்கை விளக்கும் சேர்ந்து வந்தால் உடனே மாட்யூலை மாற்றாதீர்கள்
"எஸ்யூவியில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), டிராக்‌ஷன் (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது), ஸ்டீயரிங் விளக்குகள் சேர்ந்து எரிந்தால் ஏபிஎஸ் மாட்யூல் (அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி) போச்சு, மாற்றியே ஆகணும்" என்று சொல்வது தவறு. அதுவும் விட்டுவிட்டு வருகிறது, வண்டியை அணைத்துப் போட்டால் போய்விடுகிறது என்றால் முதலில் பேட்டரியையும், பேட்டரி நெகட்டிவை வண்டியின் பாடியோடும் இன்ஜினோடும் இணைக்கும் எர்த் வயரையும் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் அளவுக்கு மீறி இறங்கினால் கண்ட்ரோல் யூனிட்டுகள் (வண்டிக்குள் இருக்கும் சிறு கணினிகள்) குழம்பி, நன்றாக இருக்கும் சென்சார் மேலேயே பழியைப் போடும்.

இரவெல்லாம் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்புறம் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு யாரையாவது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள், 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில்தான் கோளாறு.

என் வண்டிக்கும் மாட்யூலை மாற்றத்தான் சொன்னார்கள். எர்த் வயர் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சையாகப் பொடி படிந்திருந்தது, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கியதோடு சரி, விளக்கு மறுபடி வரவில்லை.

மழையிலோ பள்ளத்தில் இறங்கும்போதோ மட்டும் வந்தால் சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாரின் கனெக்டரைப் பாருங்கள். ஸ்கேனரில் (வண்டியின் கணினியோடு இணைத்துப் படிக்கும் கருவி) நான்கு சக்கரத்தின் வேகத்தையும் ஓட்டத்திலேயே கவனித்தால், திடீரென்று பூஜ்யத்துக்கு விழுகிற சக்கரம் எதுவென்று தெரிந்துவிடும்.