'திருத்துக' என்று எழுதுவதற்கா சம்பளம்?

"மொழிநடை சரியில்லை. திருத்துக."

பதினேழு பக்கங்களுக்கு நெறியாளர் எழுதிக் கொடுத்த திருத்தம் இவ்வளவுதான். முதல் பக்கத்தின் தலையில், சிவப்பு மையில், மூன்றே சொற்கள். மீதிப் பதினாறு பக்கங்களில் ஒரு கோடு இல்லை, ஒரு கேள்விக்குறி இல்லை. அந்தத் தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் துறை வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். எதைத் திருத்த வேண்டும் என்று அவரிடம் கேட்டாயா என்றேன். "கேட்டேன் அம்மா. அதுகூடத் தெரியாமலா முனைவர் பட்டத்துக்கு வந்தாய் என்றார்" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

எனக்கு வயிறு எரிகிறது. நான் அவளுடைய நெறியாளர் இல்லை. இன்னொருவரின் மாணவியின் இயலை வாங்கிப் படிப்பது எங்கள் கல்லூரியில் பெரிய குற்றம், வீட்டுக்குள் புகுந்து பானையைத் திறந்து பார்த்ததைப் போலப் பேசுவார்கள். பேசட்டும். கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கிறேன். இனியும் இதைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருக்க என்னால் முடியாது.

அந்தப் பெண் வேதாரண்யம் பக்கத்துக்காரி. உப்பளத் தொழிலாளர்களின் வழக்குச் சொற்களை ஆய்வு செய்கிறாள். அப்பா உப்பளத்தில் வேலை செய்பவர், அம்மா உப்புச் சுமந்தவர். இந்தத் தலைப்பில் எழுத இவளைவிடத் தகுதியானவர் யார் இருக்க முடியும்? ஆனால் அவளுடைய முதல் இயலின் முதல் வாக்கியம் இப்படி இருந்தது: "மனித வாழ்வின் இன்றியமையாத் தேவைகளுள் ஒன்றாகத் திகழ்ந்து வருகின்ற உப்பானது தொன்றுதொட்டுத் தமிழர் வாழ்வியலோடு பின்னிப் பிணைந்த ஒன்றாக விளங்கி வந்துள்ளமையை இலக்கியங்கள் வாயிலாக அறிந்துகொள்ள முடிகின்றது என்பது இங்கு நோக்கத்தக்கது."

இதில் என்ன சொல்ல வருகிறாய் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "உப்பு முக்கியம் என்று" என்றாள். அதை ஏன் இப்படி எழுதினாய்? "இப்படி எழுதினால்தான் அம்மா ஆய்வு மாதிரி இருக்கும்."

தாளை மூடி வைக்கச் சொன்னேன். உன் அப்பா எத்தனை மணிக்கு வேலைக்குப் போவார், அதைச் சொல் என்றேன். அவ்வளவுதான், பொலபொலவென்று கொட்டினாள். விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கிவிடுவார்கள், வெயில் ஏறிவிட்டால் வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியில் கண் திறக்க முடியாது, உப்பு நீரில் நின்று நின்று பாதம் வெடித்துப்போகும், மழை வந்தால் எல்லாம் கரைந்து மாதக் கணக்கில் வேலை இருக்காது, அந்த ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது என்றாள். சொன்னதை அப்படியே எழுது என்றேன். எழுதினாள். "கோடையில் பகல் ஏறிய பிறகு உப்பளத்தில் நிற்க முடியாது. வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் குத்தும். அதனால் தொழிலாளர்கள் விடியும் முன்பே பாத்தியில் இறங்குகிறார்கள். அவர்களுடைய வேலையைக் குறிக்கும் சொற்கள் பல இந்த நேரக் கணக்கிலிருந்தே பிறந்திருக்கின்றன." கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு அவளே நிமிர்ந்து பார்த்தாள். மூன்று ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்த கருதுகோள் அதில் இருந்தது.

இதற்கு ஆன நேரம் நாற்பது நிமிடம். ஒரு பத்தி, ஒரு பேனா, பக்கத்தில் ஓர் ஆள். இந்த நாற்பது நிமிடத்தை மூன்று ஆண்டுகளில் ஒருவர்கூட அவளுக்குக் கொடுக்கவில்லையே, இது அநியாயம் இல்லையா?

தமிழ் இலக்கியம் படித்தவர்களிடமே இந்த நிலை என்றால் மற்றத் துறைகளை என்ன சொல்வது! நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலில் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று தொடங்கி, வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்திறுதல், நின்று பயனின்மை வரைக்கும் அந்தப் பெண் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள். அவளுடைய நெறியாளரும் ஒப்பிப்பார். இளங்கலையில் அதற்கு மதிப்பெண் உண்டு, எல்லாரும் வாங்கியிருக்கிறோம். ஆனால் "இதோ பார், உன் நான்காம் பக்கத்தில் இருப்பதுதான் கூறியது கூறல். இதோ, இந்த இடத்தில் உப்பை விட்டுவிட்டு முத்துக்குளிப்பைப் பற்றிப் பேசுகிறாயே, அதுதான் மற்றொன்று விரித்தல்" என்று மாணவர் எழுதிய தாளில் விரல் வைத்துக் காட்டியவர் யார்? எழுத்தைச் செப்பனிடுவதற்காகச் செய்து வைத்த கருவியைத் தேர்வில் எழுதிவிட்டுப் பரணில் போட்டுவிட்டோம்.

பிடிப்பதற்கு மட்டும் ஆள் இருக்கிறது, அம்பு இருக்கிறது, சேனை இருக்கிறது. கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதிமுறை கொண்டுவந்தது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக் கொடுக்கவே முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இந்த எண்கள் ஒவ்வொரு ஆய்வு மாணவருக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். திருடுவது தவறு, தண்டனை வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதே விதிமுறையில், மேற்கோள் காட்டும் முறையையும் நேர்மையாக எழுதும் முறையையும் மாணவருக்கும் ஆசிரியருக்கும் நிறுவனமே கற்றுத்தர வேண்டும், ஒவ்வொரு பருவத்திலும் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்றும் இருக்கிறதே! அந்தப் பக்கத்தை மட்டும் யாருமே திருப்பிப் பார்ப்பதில்லை.

இவளுடைய மூன்று இயல்களை நூலகத்தில் ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் ஓட்டினார்கள். 41 என்று வந்தது. ஓராண்டு போயிற்று என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்திருக்கிறாள். அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். அகநானூற்றுப் பாடல்கள் சிவப்பாகியிருந்தன. உப்பு வணிகர்களான உமணர் பற்றிய பாடல் அடிகளை இவள் எங்கிருந்து சொந்தமாக எழுதுவாள்? உரிய குறிப்போடு தந்த மேற்கோளை ஒப்புமைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. மேற்கோளை விலக்கி மறுபடி ஓட்டச் சொன்னேன், 27க்கு இறங்கியது. அந்த 27இல் பெரும்பகுதி என்ன தெரியுமா? மாவட்டத்தின் எல்லை, பரப்பளவு, மழையளவு, ஆறுகள். தலைப்பு எதுவானாலும் முதல் இயலில் இவையெல்லாம் இருந்தே ஆக வேண்டும் என்று யாரோ எப்போதோ வகுத்த சம்பிரதாயம். முன்னால் முடித்தவர் ஏட்டிலிருந்து எடுத்துப் போடு என்று சொன்னதும் துறையில் உள்ளவர்கள்தான். எடுத்துப் போட்டவள் திருடி ஆகிவிட்டாள். சொன்னவர்கள் பட்டமேற்பு விழாவில் அங்கி அணிந்து முன்வரிசையில் உட்கார்வார்கள்.

பயிலரங்கம் நடத்துகிறோமே என்பார்கள். நானும் எத்தனையோ பயிலரங்கங்களுக்குப் போயிருக்கிறேன். "ஆய்வேடு எழுதும் திறன் மேம்பாடு" என்று பதாகை கட்டியிருப்பார்கள். பத்து மணிக்கு என்று போட்டுப் பத்தே முக்காலுக்குக் குத்துவிளக்கு. வரவேற்புரை, தலைமையுரை, நோக்கவுரை, வாழ்த்துரை மூன்று. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. பதினொன்றே முக்காலுக்குத் தேநீர். அதன்பிறகு சிறப்புரையாளர் தன் வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றி ஒன்றரை மணிநேரம் பேசுவார். மதியத்துக்கு மேல் பாதி நாற்காலி காலி. நான்கு மணிக்குச் சான்றிதழ். பெயர் மட்டும் எழுத்துப் பயிலரங்கம், அங்கே ஒரு மாணவர்கூட ஒரு வரி எழுதியிருக்க மாட்டார். முனைவர் பட்ட முன்படிப்பில் ஆய்வு, பதிப்பு நெறிமுறை என்று இரண்டு கிரெடிட் பாடம் இருக்கிறது. அதில் ஆய்வாளரின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்று அளக்கும் ஹெச்-இன்டெக்ஸ் என்றால் என்ன, ஆய்விதழை அதே போல அளக்கும் தாக்கக் காரணியை எங்கே பார்ப்பது என்றெல்லாம் இருக்கிறது. ஒரு பத்தியை எப்படிக் கட்டுவது என்பதற்கு ஓர் அலகு இல்லை.

பிறகு அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே இருக்கும் தட்டச்சுக் கடைக்குத்தான். கதவில் ஒட்டியிருக்கிறது பாருங்கள்: தட்டச்சு, அச்சு, பைண்டிங், ஒப்புமை குறைத்துத் தரப்படும். பக்கத்துக்கு இவ்வளவு என்று விலை. அங்கே உட்கார்ந்திருக்கும் தம்பி வேறொன்றும் செய்வதில்லை, சொல்லுக்குச் சொல் மாற்றுகிறான். "மழை பெய்தது" என்பதை "மாரி பொழிந்தது" ஆக்கினால் விழுக்காடு இறங்கிவிடும். நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை இது. 2021இல் பிரான்சின் துலூஸ் பல்கலைக்கழகக் கணினி அறிவியலாளர் கியோம் கபனாக்கும் அவருடைய கூட்டாளிகளும், இப்படி இயந்திரத்தில் சொல் மாற்றி அச்சான ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளைத் தோண்டி எடுத்தார்கள். செயற்கை நுண்ணறிவு என்று இருக்க வேண்டிய இடத்தில் "போலிப் பிரக்ஞை" என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடர் இருந்தது. மார்பகப் புற்றுநோய் "மார்பு ஆபத்து" ஆகியிருந்தது. சித்திரவதைப்பட்ட சொற்றொடர்கள் என்று அவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். விழுக்காட்டை மட்டும் எண்ணும் இடத்தில் வேறென்ன விளையும்? இப்போது சாட்ஜிபிடியும் வந்துவிட்டது, கடைக்காரத் தம்பிக்கே வேலை போய்விடும் போலிருக்கிறது. உட்கார்ந்து சொல்லித்தர ஒரு மனிதரையும் வைக்காமல், பிள்ளைகள் இயந்திரத்திடம் போகிறார்கள் என்று மட்டும் கூக்குரல் இடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது.

ஆசிரியர்களை மட்டும் திட்டிவிட்டுப் போக மாட்டேன். எங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கல்லூரி ஆசிரியர் பணிக்குத் தகுதி தரும் நெட் தேர்வின் மூன்றாம் தாளில் முன்பு விரிவாக எழுத வேண்டியிருந்தது. 2012 ஜூனில் அதுவும் கொள்குறி வகைக்கு மாறியது. நான்கில் ஒன்றைக் குறித்துவிட்டுத் தகுதி பெற்றுவிடலாம், ஒரு பத்தி எழுதிக் காட்ட வேண்டியதில்லை. மாணவரின் எழுத்தை எப்படி வாசிப்பது, எதை முதலில் சொல்வது, எதைப் பிறகுக்கு விடுவது, பிழையைச் சுட்டும்போது எழுதியவரின் மனம் உடையாமல் எப்படிப் பேசுவது என்று எந்தப் புத்தாக்கப் பயிற்சியிலும் எனக்கு யாரும் கற்றுத்தந்ததில்லை. பணியில் சேர்ந்த புதிதில் நானும் "திருத்துக" என்று எழுதியவள்தான். என்னிடம் அதைவிட நல்ல சொல் இருக்கவில்லை. அப்படி நான் அனுப்பிய ஒரு மாணவர் திரும்பி வரவே இல்லை, பதிவைக் கைவிட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டார். இன்றும் அவர் முகம் நினைவில் இருக்கிறது.

நேரமாவது கொடுக்கிறார்களா? உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணிநேர வகுப்பு என்று விதி. அதற்கு மேல் வருகைப்பதிவு, தேர்வுப் பணி, தரமதிப்பீட்டுக் குழுவுக்குக் கோப்பு, புகைப்படத்தோடு அறிக்கை. மாணவரின் வரைவைப் படித்த நேரத்தை எழுதிவைக்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. நூல்களுக்குத் தரும் ஐஎஸ்பிஎன் எண் போட்ட கருத்தரங்கக் கோவையில் காசு கட்டி நான்கு பக்கம் அச்சிட்டால் பதவி உயர்வுக் கோப்பில் வைக்கலாம். நாற்பது நிமிடம் உட்கார்ந்து ஒரு பிள்ளைக்கு அவளுடைய சொந்த வாக்கியத்தை மீட்டுக் கொடுத்தால் அது எந்தக் கணக்கிலும் வராது.

நான் கேட்பது ஆகாயக் கோட்டை இல்லை. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1976இல் எழுத்துக்கூடம் என்று ஒன்று தொடங்கினார்கள். மாணவர் தான் எழுதியதோடு வருவார், பயிற்றுநர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். அவர்கள் இணையத்தில் போட்டுவைத்த மேற்கோள் விதிகளைத்தான் இன்று நம் ஆங்கிலத்துறை மாணவர்களும் அடிக்குறிப்பு எழுதப் பார்க்கிறார்கள். அந்த விதிகளை எடுத்துக்கொண்டோம், பக்கத்தில் உட்காரும் ஆளை மட்டும் விட்டுவிட்டோம். எங்கள் வளாகத்தில் வேண்டியது ஓர் அறை, ஒரு மேசை, நான்கு நாற்காலி, வாரத்துக்கு ஆறு மணிநேரம் வகுப்புக் குறைப்பு பெற்ற இரண்டு ஆசிரியர்கள். தமிழுக்கு ஒருவர், ஆங்கிலத்துக்கு ஒருவர். எழுதத் தடுமாறும் இளம் ஆசிரியரும் வெட்கப்படாமல் அங்கே வந்து உட்காரலாம். ஒரு நாள் பயிலரங்கத்துக்குப் பொன்னாடையும் நினைவுப் பரிசும் வாங்கும் காசில் அந்த மேசையை வாங்கிவிடலாம்.

மூன்று முறை விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். முதல் விண்ணப்பம் காணாமல் போயிற்று. இரண்டாவதற்கு, இடமில்லை என்று பதில். மூன்றாவதைக் கையில் வாங்கிக்கொண்டே அலுவலகத்தில் சொன்னார்கள்: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எழுத வராது அம்மா, நீங்கள் ஏன் மெனக்கெடுகிறீர்கள்?" எழுத வராதாம்! பள்ளி முழுக்க வினாவிடைக் கையேட்டை மனப்பாடம் செய்ய வைத்து, கல்லூரி முழுக்க அதையே ஒப்பிக்க வைத்து, இருபத்தைந்து வயதில் திடீரென்று முந்நூறு பக்கம் சொந்தமாக எழுது என்றால் எப்படி வரும்? நீச்சல் சொல்லித்தராமல் கிணற்றில் தள்ளிவிட்டு, மேலே நின்று மூழ்கும் ஆழத்தை விழுக்காட்டில் அளக்கிறார்கள்.

இடமில்லை என்றார்களே, எங்கள் மாடியில் ஓர் அறை பூட்டியே கிடக்கிறது. உடைந்த நாற்காலிகளும் பழைய பதாகைகளும் போட்டு வைத்திருக்கிறார்கள். அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்றே எவருக்கும் தெரியவில்லை.

அந்தப் பெண் வியாழக்கிழமை மூன்று மணிக்கு இரண்டாம் இயலோடு வருகிறாள். செய்தி எப்படிப் பரவியதோ, விலங்கியலிலிருந்து ஒரு மாணவரும் வணிகவியலில் புதிதாகச் சேர்ந்த ஓர் ஆசிரியையும் தாங்களும் வரலாமா என்று கேட்டிருக்கிறார்கள். வரச் சொல்லியிருக்கிறேன். நூலகத்தின் பின்பக்கப் படிக்கட்டில் அந்நேரத்துக்கு நிழல் விழும். அங்கேதான் உட்காரப் போகிறோம்.