சிடி ஸ்கேன்ல தெரியுற கட்டியோட ஓரத்த வச்சு முடிவு கட்டாதீங்க

மேல ஒருத்தர் "சிடில கட்டியோட ஓரம் கலங்கலா, நூல் நூலா தெரிஞ்சா கண்டிப்பா பரவுற கேன்சர், ஓரம் தெளிவா இருந்தா சாதாரண கட்டி"ன்னு போட்ருக்காரு, அது தப்புங்க. டெஸ்மாய்டுன்னு நார்த்திசுல வர்ற ஒரு கட்டி இருக்கு, அது ரெண்டு மாதிரியும் தெரியும். குடல தாங்குற மெசென்ட்ரி கொழுப்புல வந்தா சுத்தி கோடு கோடா இழுத்துட்டு போற மாதிரி இருக்கும், பாக்க பயமாத்தான் இருக்கும், ஆனா அது வேற உறுப்புக்குத் தாவாது, இருக்குற இடத்துலயே பக்கத்து தசை குடல் ரத்தக்குழாய்னு புகுந்து படுத்தும், அதனால லேசாவும் விட முடியாது. அடர்த்தி பெரும்பாலும் தசை மாதிரிதான், கான்ட்ராஸ்ட் மருந்து (ஸ்கேன்ல எடுப்பா தெரிய ஊசியில ஏத்துறது) போட்டா ஒண்ணு லேசா வெளுக்கும் இன்னொண்ணு நல்லாவே வெளுக்கும், உள்ள நாரு எவ்ளோ செல் எவ்ளோங்கறத பொறுத்தது. இதே படத்த கார்சினாய்டு (ஹார்மோன் சுரக்குற செல்லுல வர்ற கட்டி), லிம்போமா (நிணநீர் கேன்சர்) கூட காட்டலாம். அதான் ஊசியால கட்டில கொஞ்சம் எடுத்து பயாப்சி பண்றது, அதுல பீட்டா கேட்டனின்ங்கற புரதத்துக்கு டெஸ்ட். வயித்து சுவர், கை கால்ல இருந்தா எம்ஆர்ஐ இன்னும் தெளிவு. அப்புறம், குடல்ல நூத்துக்கணக்குல பாலிப் (சின்னச் சின்ன சதை வளர்ச்சி) வர்ற எஃப்ஏபிங்கற பரம்பரை நோய் குடும்பத்துல இருக்கா, முன்னாடி வயித்துல ஆபரேஷன் ஆச்சான்னு டாக்டர்ட்ட மறக்காம சொல்லுங்க, சில நேரம் ஸ்கேன விட அதான் பெரிய க்ளூ.